மே மாதத் தூத்துக்குடியில் சீலா மீன் கேட்டவன்

கேள்வி இதுதான்: “மதுரையில் இருக்கிறோம். கோடை விடுமுறையில் ஒரு சனி, ஞாயிறு மட்டும் கையில் இருக்கிறது. கடலையும் பார்க்க வேண்டும், நன்றாகச் சாப்பிடவும் வேண்டும். ராமேஸ்வரமா, தூத்துக்குடியா?”

கோயிலுக்கு என்றால் ராமேஸ்வரம். சாப்பாட்டுக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், தூத்துக்குடிதான். அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாக நாலுவழிச் சாலை, கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர். காரில் இரண்டரை மணி நேரம். பஸ் என்றால் மாட்டுத்தாவணியில் ஏறலாம்.

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய பிறகுதான் மதுரைக்காரனுக்கு வெளியூர் நினைப்பே வரும். நாங்களும் அப்படித்தான் ஒரு மே மாத வெள்ளிக்கிழமை கிளம்பினோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், கூடவே என் அத்தை. மதுரை கரிமேட்டு மீன் சந்தையில் முப்பது வருடம் செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கியவர் அவர். போய் இறங்கிய ராத்திரியே ஒரு ஹோட்டலில் நுழைந்து, கடற்கரை ஊருக்கு வந்துவிட்டோமே என்ற தைரியத்தில் ஆளுக்கொரு சீலா வறுவல் சொன்னேன். (நாம் வஞ்சிரம் என்பதை அங்கே சீலா என்பார்கள்.) துண்டு பெரிதாகத்தான் இருந்தது. வாயில் வைத்தால் பஞ்சு. அத்தை ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார். “மருமகனே, இந்த மீன் கடலைப் பார்த்து ஒரு மாசம் இருக்கும்.”

தப்பு ஹோட்டல் மேல் மட்டும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கம் செய்கிற பருவம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017-இலிருந்து 61 நாள். பள்ளிக்கூட விடுமுறையும் இதுவும் அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. அதனால் கோடையில் பெரிய மீன் கேட்டால், ஐஸ் பெட்டியிலிருந்து வருவதற்கோ வேறு கரையிலிருந்து லாரியில் வருவதற்கோதான் வாய்ப்பு அதிகம். ஆனால் நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. அவர்கள் கரையை ஒட்டிப் பிடித்துவரும் சாளை, முரல், பாறை, கணவாய், நண்டு எல்லாம் அன்றன்றைக்குப் பிடித்தவை.

அதைத் தெரிந்துகொண்டு மறுநாள் காலையில் திரேஸ்புரம் போனோம். நாட்டுப்படகுகள் கரையேறும் இடம் அது. மீன் விற்ற அம்மாவிடம் அத்தை பேரம் பேச ஆரம்பித்தார்.

“சீலா இல்லையா?”

“தடைக்காலத்துல வந்து சீலாவா கேக்கிய? சாளையைப் பாருங்க, இன்னும் துள்ளுது.”

“கூட ஒரு கை அள்ளிப் போடு தாயி, மதுரையிலருந்து வந்திருக்கோம்.”

“மதுரைன்னா? கடலுக்குத் தெரியுமா அது?” என்றாலும் ஒரு கை அள்ளிப் போட்டார்.

அந்தச் சாளையை நண்பர் வீட்டில் கொடுத்தோம். அவர் மனைவி தேங்காய் அரைத்து, மாங்காய் கீறிப் போட்டு வைத்த குழம்பைப் பற்றி நான் அதிகம் எழுதினால் என் மனைவி இந்தப் பதிலைப் படிப்பார். அதனால் ஒன்று மட்டும். அயிரை மீன் குழம்புக்கு மிஞ்சியது எதுவும் இல்லை என்று வாழ்நாளெல்லாம் சொல்லிவந்த அத்தை, மூன்றாவது முறை சோறு போட்டுக்கொண்டபோது வாயே திறக்கவில்லை. அங்கே யாரையும் தெரியாது என்றால், மத்தியானம் சின்ன மெஸ்ஸில் போய் “இன்னைக்கு என்ன மீன் வந்துச்சு?” என்று கேளுங்கள். மெனு கார்டைப் பார்க்காதீர்கள். இதை சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். ஞாயிறு தேவாலயப் பூசைக்குரிய நாள், மீனவர்கள் பெரும்பாலும் கடலுக்குப் போக மாட்டார்கள்.

ராத்திரிக்கு நைட் கிளப். பயப்பட வேண்டாம், அங்கே பரோட்டாக் கடைக்கு அதுதான் பெயர். காபி கிளப் என்று சொன்ன காலத்துக் ‘கிளப்’, சாயங்காலத்துக்கு மேல்தான் சூடுபிடிக்கும் என்பதால் ‘நைட்’. என் மாமனாரிடம் போனில் “குடும்பத்தோடு நைட் கிளப்பில் இருக்கிறோம்” என்று சொல்லிவிட்டு நான் பட்ட பாடு தனிக்கதை. பரோட்டா நம்மூர் அளவு இருக்காது. சின்னதாக, ஓரம் மொறுமொறுவென்று வரும். பிய்த்துப் போட்டு, சால்னாவை மூழ்க ஊற்றி, இரண்டு நிமிடம் ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும். கொத்து பரோட்டாவில் மதுரையை அடிக்க முடியாது என்பது என் கட்சி. சால்னாவில் விட்டுக்கொடுக்கிறேன்.

கடலைப் பற்றிச் சொல்லவில்லையே. ஊருக்குள் இருக்கும் முத்துநகர் கடற்கரையும் ரோச் பூங்காவும் மாலையில் காற்று வாங்கத்தான். அலையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம். மன்னார் வளைகுடாவில் வரிசையாகக் கிடக்கும் தீவுகளும் பவளப்பாறைகளும் அலையின் வேகத்தைத் தடுத்துவிடுவதால் கடல் குளம்போல இருக்கும். மொத்தம் 21 தீவுகள் இருந்தன. பவளப்பாறையை வெட்டியெடுத்ததில் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லித் தீவு கடலுக்குள்ளேயே போய்விட்டது. பெரிய தண்ணீர் என்றால் தெப்பக்குளம் என்று வளர்ந்த என் பிள்ளைகளுக்கு இந்த அமைதியான கடலே போதுமாக இருந்தது.

அலை வேண்டுமென்றால் ஞாயிறு விடிகாலையில் தெற்கே இறங்குங்கள். திருச்செந்தூர் 40 கிலோமீட்டர். முருகனுக்கு முதல் வீடும் ஆறாம் வீடும் நம்மூர்ப் பக்கம், இரண்டாம் வீடு இது. வைகாசி விசாகத்தை ஒட்டிப் போனால் கடலுக்குப் பதில் தலைகளைத்தான் பார்ப்பீர்கள். நாங்கள் அதையும் தாண்டி, குலசேகரன்பட்டினம் வழியாக மணப்பாடு போனோம். மணல் குன்றின் மேல் 1581-இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம், கீழே கடலைப் பார்த்தபடி சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள், அதற்குமேல் மணலில் கால் வைக்க முடியாது.

உடன்குடிப் பக்கம் முழுக்கப் பனங்காடு. கோடைதான் பதநீர் காலம் என்பதால் ரோட்டோரத்தில் பனையோலைப் பட்டையைக் கையில் கொடுத்து, நுங்கைச் சீவிப் போட்டு ஊற்றுவார்கள். நேரமாக ஆகப் புளித்துவிடும், காலையிலேயே குடியுங்கள். கருப்பட்டியும் அங்கேயே வாங்கிவிட்டோம்.

தூத்துக்குடி இனிப்பான மக்ரூனைக் கடைசியாக, ஊரை விட்டுக் கிளம்பும்போது வாங்குங்கள். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான் அதில். கடற்காற்று பட்டால் நமுத்து, பல்லில் ஒட்டும். நாங்கள் முதல் நாளே ஒரு பாக்கெட்டைப் பிரித்துவைத்து அப்படித்தான் வீணாக்கினோம். திரும்பும்போது வாங்கியதைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து அத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளைகள் ஜன்னல் வழியாக உப்பளத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவிந்திருந்த உப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. எட்டயபுரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது அதில் பாதிதான் இருந்தது.