நாற்பது பக்கம் இருக்கிறது, ஆய்வு எங்கே?

கேள்வி: கல்லூரியில் படைப்பிலக்கியம் கற்பிக்கிறேன், சிறுகதை எழுதுபவள். வேறொரு பல்கலைக்கழகத்தில் கவிதைப் பாடம் எடுக்கும் தோழியும் நானும், ஒரே சம்பவத்தை அவர் கவிதையாகவும் நான் கதையாகவும் எழுதி, அதிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரை கொண்டுவரலாம் என்று ஒன்பது மாதத்துக்கு முன் தொடங்கினோம். இன்று கையில் நாற்பது பக்கப் படைப்பு இருக்கிறது. கட்டுரையில் ஒரு பத்திகூட இல்லை. "படைப்பு சரி, ஆய்வு எங்கே?" என்று துறைத்தலைவர் கேட்கிறார். யார் பெயர் முதலில் வரும் என்பதை இருவருமே வாய்விட்டுப் பேசவில்லை. இரண்டு மாதமாகப் பேச்சே குறைந்துவிட்டது. என் மாணவர்கள் வகுப்பில் எழுதியதையும் இதில் சேர்க்கலாம் என்று ஒரு யோசனை. எங்கிருந்து தொடங்குவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

துறைத்தலைவர் மேல் வருத்தப்படாதீர்கள். அவர் கேட்டதற்கு உங்களிடம் பதில் இருந்திருந்தால் கட்டுரையும் நகர்ந்திருக்கும், தோழியுடன் பேச்சும் குறைந்திருக்காது. நீங்கள் இருவரும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டீர்கள், கேள்வியைப் பங்கிடவில்லை. உங்கள் கடிதம் முழுவதிலும் என்ன எழுதினீர்கள் என்று இருக்கிறதே தவிர, எதைத் தெரிந்துகொள்ள எழுதினீர்கள் என்பது ஓரிடத்திலும் இல்லை.

"நினைவும் புனைவும்", "இழப்பின் மொழி" போன்றவை தலைப்புகள். அவற்றின் கீழ் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால்தான் நாற்பது பக்கம் வந்தும் கட்டுரை வரவில்லை. கேள்வி என்றால் இப்படி இருக்க வேண்டும்: "ஒரே சம்பவத்தை எழுதும்போது, கவிதை சொல்லாமல் விடும் காலக் கணக்கைக் கதை எங்கே, எப்படிச் சொல்லியாக வேண்டியிருக்கிறது?" இதற்கு விடை காண உங்கள் கதை மட்டும் போதாது, அவர் கவிதை மட்டும் போதாது. கூட்டாய்வுக்கு நான் வைக்கும் சோதனை இதுதான்: நாளைக்கே தோழி விலகிவிட்டால், இந்தக் கேள்விக்கு நீங்கள் தனியாக விடை எழுத முடியுமா? முடியும் என்றால் அது கூட்டு வேலையே இல்லை; இருவர் தனித்தனியே செய்ததை ஒரே உறையில் போட்டு அனுப்புகிறீர்கள்.

"ஆய்வு எங்கே" என்பதற்கு ஒரு பழைய பாகுபாடு இன்றும் கைகொடுக்கும். 1993இல் பிரிட்டிஷ் கலைக் கல்வியாளர் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங், கலைத்துறை ஆய்வை மூன்றாகப் பிரித்தார்: கலையைப் பற்றிய ஆய்வு, கலைக்கான ஆய்வு, கலை வழியான ஆய்வு. ஒரு நாவலாசிரியரின் உத்தியை ஆராய்ந்தால் முதல் வகை. கதைக்காக ரயில் கால அட்டவணையைத் தேடிப் படித்தால் இரண்டாவது. எழுதிப் பார்த்தால் மட்டுமே தெரியவரும் ஒன்றை எழுதிக் கண்டுபிடித்து, பிறர் சரிபார்க்கும்படி சொன்னால் மூன்றாவது. நீங்கள் இருவரும் செய்ய நினைத்தது மூன்றாவது; இதுவரை செய்திருப்பது பெரும்பாலும் இரண்டாவது. அந்த இடைவெளியைக் கடக்கப் புதிதாக எதையும் எழுத வேண்டியதில்லை. எழுதியது எப்படி மாறியது என்பதற்குத் தடயம் வேண்டும்.

தடயம் என்றால் என்ன என்பதைக் கிட்டப் பார்ப்போம். உங்கள் சம்பவம் எது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு வீட்டைக் காலி செய்யும் நாள் என்று வைத்துக்கொள்கிறேன். தோழியின் முதல் வரைவில் "படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது" என்று ஒரு வரி. மூன்றாம் வரைவில் அது "ஆணி மட்டும்" என்று சுருங்கிவிட்டது. அதைப் படித்த பின் நீங்கள் உங்கள் கதையில், "படத்தைக் கழற்றிவிட்டாள், ஆணியைப் பிடுங்க அரைமணி நேரம் ஆயிற்று" என்று எழுதுகிறீர்கள். வரைவு மாறுவதைக் குறித்துவைக்க ஒரு பதிவேடு வையுங்கள்; அன்று அதில் இப்படி ஒரு குறிப்பு விழ வேண்டும்: "அவர் கவிதையிலிருந்து படம் போய்விட்டது, இருந்தாலும் ஆணியைக் கொண்டே படத்தை ஊகிக்க முடிகிறது. என் கதையில் ஆணியை மட்டும் வைத்துப் பார்த்தேன். அது வெறும் சாமானாக நின்றது. அரைமணி நேரத்தைச் சேர்த்ததும் கனம் வந்தது." நான்கே வாக்கியம். உங்கள் கட்டுரையின் முதல் கண்டுபிடிப்பு இதில் இருக்கிறது. "இன்று நன்றாக எழுத வந்தது, மனம் நிறைந்தது" என்று எழுதினால் அது நாட்குறிப்பு; மதிப்பீட்டாளர் அதை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது.

பதிவேட்டில் ஐந்து விவரம் போதும்: தேதி, எந்த வரைவு, எது மாறியது, ஏன் மாறியது, எதைப் படித்து அல்லது யார் சொல்லி மாறியது. எழுதிய அன்றே, பத்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து எழுதினால், முடிவு தெரிந்த பிறகு காரணத்தைப் பொருத்துகிற பழக்கம் எல்லோருக்கும் வந்துவிடும். தடுமாற்றங்கள் காணாமல் போய், எல்லாமே திட்டமிட்டு நடந்ததுபோல் தெரியும். கடந்துபோன ஒன்பது மாதத்துக்கு இப்போது உட்கார்ந்து குறிப்பு எழுதாதீர்கள். மின்னஞ்சல், கோப்பின் பழைய பதிப்புகள், கைப்பேசி உரையாடல் ஆகியவற்றில் தேதியுடன் கிடைப்பதை எடுங்கள். நினைவிலிருந்து சேர்ப்பதற்குப் பக்கத்தில் "பின்னர் நினைவிலிருந்து எழுதியது" என்று போடுங்கள். கட்டுரையிலும் அதை மறைக்க வேண்டாம்.

கூகுள் டாக்ஸில் ஒரே கோப்பைத் திறந்து இருவரும் எழுதிக்கொண்டிருந்தால், இன்றோடு நிறுத்துங்கள். கட்டுரைக்கு அது வசதி, படைப்புக்கு அல்ல. ஒருவர் வாக்கியத்தில் இன்னொருவர் கை வைக்க வைக்க, இரண்டு குரலும் தேய்ந்து யாருடையதும் இல்லாத நடை ஒன்று வந்துவிடும். படைப்புக்கு ஆளுக்கொரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர் கோப்பில் ஓரக்குறிப்பு எழுதலாம், எழுத்தைத் திருத்தக் கூடாது. கைமாற்றுக்கு அளவு வையுங்கள்: அவர் 20 வரிக்கு மேல் அனுப்ப வேண்டாம், நீங்கள் 600 சொல்லுக்கு மேல் வேண்டாம், ஏழு நாளுக்குள் பதில் வர வேண்டும். அளவு இல்லாவிட்டால் எழுத நேரம் கிடைக்கிறவர் பத்துப் பக்கம் அனுப்புவார், மற்றவர் படிப்பதிலேயே காலம் கழிப்பார். மூன்றாம் மாதம் ஒருவர் எழுத்தாளர், இன்னொருவர் கருத்துச் சொல்பவர் என்று ஆகிவிடும். இரட்டைப் புலவர்களில் ஒருவர் இரண்டடி பாடி நிறுத்த, மற்றவர் அந்த வெண்பாவை முடித்தார் என்கிறது மரபு. எங்கே நிறுத்துவது என்று இருவருக்குமே தெரிந்திருந்ததால்தான் அது ஒரே பாட்டாக ஆனது.

இனி பெயர். நீங்கள் பேசத் தயங்குவது இதுதான் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அறிவியல் துறைகள் பலவற்றில் பெயர் வரிசைக்குப் பங்களிப்புச் சார்ந்த பொருள் உண்டு. இலக்கியம், வரலாறு போன்ற மானுடப் புலங்களில் அகர வரிசையும் வழக்கில் இருக்கிறது. இரண்டில் எது என்று முடிவு செய்யாமல் எழுதினால், கடைசியில் அனுப்பும் பொத்தானை அழுத்துகிறவரே முதல் பெயர் ஆகிவிடுவார். "கிரெடிட்" என்றொரு பங்களிப்புப் பட்டியல் இருக்கிறது. 14 வகைப் பங்குகளைப் பெயரிட்டுச் சொல்கிறது, 2022இல் அமெரிக்கத் தர நிர்ணயமாகவும் ஏற்கப்பட்டது. ஆய்வகங்களை மனத்தில் வைத்துச் செய்த பட்டியல் என்பதால் உங்களுக்கு ஐந்தாறுதான் பொருந்தும்: கருத்தாக்கம், ஆய்வுமுறை, தரவு பேணல், முதல் வரைவு எழுதுதல், திருத்தி எழுதுதல், திட்ட நிர்வாகம். இவற்றுக்கு எதிரே தனித்தனியாக அவரவர் கணக்குப்படி பெயர் எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். எங்கே கணக்கு வேறுபடுகிறதோ அங்கே பேசினால் போதும். கட்டுரையில் ஒருவர் பெயர் முதலில், படைப்புத் தொகுதியில் மற்றவர் பெயர் முதலில் என்று வைத்துக்கொள்வது இருவருக்கும் நியாயமான ஏற்பாடு.

"எழுதியவர் யாரோ அவர்தானே ஆசிரியர்" என்று நினைத்து யோசனை சொன்னவரை ஒதுக்கிவிடாதீர்கள். இங்கிலாந்தில் ஒரு திரைக்கதை வழக்கு இந்த இடத்தில்தான் சிக்கியது. வரைவை எழுதியவர் ஒருவர். பாத்திரங்கள் பற்றியும் இசை பற்றியும் உடனிருந்து பங்களித்தவர் இன்னொருவர். முதல் விசாரணையில் எழுதியவர் ஒருவரே ஆசிரியர் என்று தீர்ப்பு. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுவிசாரணைக்கு அனுப்பியது. 2021இல் மற்றவரும் இணையாசிரியர், பங்கு 20 விழுக்காடு என்று முடிந்தது. பேச்சில் கொடுத்ததும் பங்களிப்பு ஆகக்கூடும் என்பதால், அதுவும் உங்கள் பதிவேட்டில் இருக்கட்டும்.

பதிப்புரிமையில் இன்னொன்று. அவர் கவிதையும் உங்கள் கதையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்கக்கூடியவையாக இருக்கும்வரை, பொதுவாக அவரவர் படைப்பு அவரவருக்கே. பிரிக்க முடியாதபடி கலந்து எழுதினால் அது கூட்டுப் படைப்பு; பதிப்புரிமைக்கான சர்வதேச பெர்ன் உடன்படிக்கைப்படி அதன் பாதுகாப்புக் காலம் கடைசியாக உயிரோடிருக்கும் ஆசிரியரின் மறைவிலிருந்து கணக்கிடப்படும். அனுமதி தரும் உரிமை நாட்டுக்கு நாடு மாறும்: அமெரிக்காவில் இணை உரிமையாளர் ஒருவரே, ஒருவருக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தாத பொது அனுமதி தரலாம், வருவாயில் மற்றவருக்குப் பங்கு தர வேண்டும், பிரிட்டனில் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஆகவே ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். யாராவது விலகினால் யார் எதை எடுத்துக்கொள்ளலாம், இந்தக் கவிதைகளை அவர் தன் தனித்தொகுப்பில் சேர்க்கலாமா, மொழிபெயர்ப்பு உரிமை யாருக்கு, வருவாய் எப்படிப் பிரியும், செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது. வக்கீல் மொழி தேவையில்லை. இருவர் பணி ஒப்பந்தத்திலும் நிறுவனம் எதையாவது தனதென்று கோருகிறதா என்று மட்டும் முன்னதாகப் பார்த்துவிடுங்கள்.

மாணவர் எழுத்தை இந்த வேலையில் சேர்க்காதீர்கள். வகுப்புக்காக எழுதி வாங்கிய பிறகு ஆய்வுக்கு அனுமதி கேட்பது தலைகீழ் வரிசை. ஆய்வுக்கு ஒப்புதல் தரும் அறநெறிக் குழுக்கள் முன் அனுமதியைத்தான் எதிர்பார்க்கும். மதிப்பெண் போடுகிற ஆசிரியரே கேட்டால், மாணவர் "சரி" என்பதை முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. அடுத்த பருவத்தில் செய்வதானால், வகுப்பு தொடங்கும் முன் குழுவிடம் விண்ணப்பியுங்கள். ஒப்புதல் படிவத்தை வேறொருவர் வாங்கி உறையிலிட்டு வைக்கட்டும்; மதிப்பெண் அறிவித்த பிறகே நீங்கள் உறையைப் பிரித்துப் பாருங்கள். நம் துறைக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் உண்டு. மற்ற ஆய்வுகளில் பெயரை மறைப்பது பாதுகாப்பு. ஒரு மாணவியின் கவிதையை மேற்கோள் காட்டிவிட்டுப் பெயரை மறைத்தால், அவள் எழுத்தை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டதாகிவிடும். பெயர் போடலாமா, மறைக்கலாமா என்று படிவத்திலேயே கேட்டு, அவள் விருப்பப்படி செய்யுங்கள்.

இதழுக்கு அனுப்புவது பற்றிச் சுருக்கமாக: ஆஸ்திரலேசிய (ஆஸ்திரேலிய-நியூசிலாந்து வட்டார) எழுத்துத்திட்டங்களின் சங்கம் நடத்தும் "டெக்ஸ்ட்" (1997 முதல்), "நியூ ரைட்டிங்" (2004 முதல்) ஆகியவை இந்தத் துறைக்கென்றே உள்ள ஆய்விதழ்கள். உங்கள் மொழியில் இப்படி ஓர் இதழ் இருந்தால் அதையும் பாருங்கள். கவிதையையும் கதையையும் முன்கூட்டியே இணையத்தில் போட்டுவிடாதீர்கள். பெயர் மறைத்த மதிப்பீட்டில் ஒரு வரியைத் தேடினாலே நீங்கள் யார் என்று தெரிந்துவிடும், முன்பே வெளியானது என்று திருப்பி அனுப்பவும் கூடும்.

இனி தோழி. ஒன்பது மாதக் கணக்கை எல்லாம் பேசித் தீர்க்க வேண்டும் என்று உட்காராதீர்கள். பிரிட்டனின் 2021ஆம் ஆண்டு பல்கலைக்கழக ஆய்வு மதிப்பீட்டில், படைப்போடு அதன் ஆய்வுக்கூறை விளக்கும் 300 சொல் குறிப்பை இணைக்க இடம் தந்தார்கள். ஆஸ்திரேலிய மதிப்பீட்டில் இப்படிப்பட்ட குறிப்புக்குப் பின்னணி, பங்களிப்பு, முக்கியத்துவம் என்று மூன்று பகுதி வைத்தார்கள். இரண்டையும் சேர்த்துக்கொண்டு அவருக்கு இப்படி எழுதுங்கள்: "கட்டுரை நிற்கிறதுக்கு நானும் காரணம். நாம் எதைத் தேடுகிறோம் என்று நான் ஒருமுறைகூட உன்னிடம் கேட்கவில்லை. நீ 300 சொல்லில் எழுது, நானும் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வரை ஒருவருக்கொருவர் காட்ட வேண்டாம்." பின்னணிக்கு 80 சொல், பங்களிப்புக்கு 150, மீதி முக்கியத்துவத்துக்கு. "தனித்துவமான", "புதுமையான" என்ற சொற்கள் வந்தால் அடித்துவிட்டு, எதில் புதுமை என்று எழுதுங்கள்.

ஞாயிறன்று இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இருவரும் எழுதிய சொற்களை அடிக்கோடிடுங்கள். கேள்வியை அந்தச் சொற்களிலிருந்து எடுங்கள். ஒருவர் மட்டும் எழுதியிருப்பதற்குக் கீழே புள்ளிக் கோடு போடுங்கள். கட்டுரையில் எந்தப் பகுதியை யார் முதலில் எழுதுவது என்பதை அந்தக் கோடுகளே காட்டிவிடும். பிறகு நாற்பது பக்கத்திலிருந்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் நான்கு பக்கத்தை மட்டும் எடுத்து மேசையில் வையுங்கள்.