உப்பு குறைந்தால் சொல்லவே கூடாதா?

வ அலைக்கும் ஸலாம் சகோ. பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) "உணவைக் குறை சொல்லாதீர்கள்" என்று கேட்டுவிட்டு, ஆணத்தில் (குழம்பில்) உப்பு இல்லாத அன்று ஒன்றும் பேசாமல் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன், அதற்கும் வீட்டில் சண்டை என்று எழுதியிருக்கிறீர்கள். சண்டை வராமல் என்ன செய்யும்! தட்டைத் தள்ளியதும் ஒரு பேச்சுதானே.

நபி (ஸல்) எந்த உணவையும் குறை சொன்னதில்லை, விரும்பினால் உண்பார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள் என்ற ஹதீஸ் (நபிமொழி) புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. அந்த 'விட்டுவிடுவது' எப்படி என்பதற்கு உடும்புக் கறி சம்பவத்தைப் பாருங்கள். முன்னால் வைத்த கறியை அவர்கள் தொடவில்லை. இது ஹராமா (மார்க்கத்தில் தடுக்கப்பட்டதா) என்று நபித்தோழர் காலித் பின் வலீத் (ரலி) கேட்டபோது, இல்லை, எங்கள் ஊரில் இது கிடையாது, அதனால் மனம் ஒப்பவில்லை என்றார்கள். காலித் (ரலி) அதை எடுத்துச் சாப்பிட்டார். கோபமில்லை, முகச்சுளிப்பில்லை.

ஹதீஸ்களுக்கு விளக்கம் எழுதிய அறிஞர் இமாம் நவவி, உணவைக் குறை சொல்வதற்குத் தரும் உதாரணங்களில் 'உப்பு குறைவு' என்பதும் உண்டு! ஆனால் "கொஞ்சம் உப்பு எடும்மா" என்று கேட்பது குறை சொல்வதல்ல. எங்கள் வீட்டில் உப்பு டப்பா சஹனுக்கு (சேர்ந்து உண்ணும் பெரிய தட்டுக்கு) பக்கத்திலேயே இருக்கும், கேட்கவே வேண்டியதில்லை.

இன்னொன்று, வீட்டில் நபியவர்கள் குடும்பத்துக்கு ஒத்தாசை செய்வார்கள் என்று அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) சொல்லியிருக்கிறார்கள். நாளைக்கு ஆணம் இறக்கும் முன் நீங்களே அடுப்படிக்குப் போய் ருசி பார்த்துச் சொல்லுங்கள். அதற்கு முன் இன்றைக்கே மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.