நெதர்லாந்தின் சிறு நகரங்களில் கஞ்சா விற்கும் காஃபிஷாப்புக்குச் சென்றதுண்டா? வெளிநாட்டவரை உள்ளே விடுவார்களா?

சென்றிருக்கிறேன். நெதர்லாந்தின் தென்கோடியில், பெல்ஜியம் எல்லையை ஒட்டியிருக்கும் மாஸ்ட்ரிக்ட் நகரில் ஐந்து ஆண்டுகளாக வசித்துவருகிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இந்த ஊரில் விடமாட்டார்கள், ஆம்ஸ்டர்டாமில் விடுவார்கள். ஒரே நாட்டுக்குள் ஏன் இப்படி இரண்டு நடைமுறை என்பது புரிந்தால்தான் காஃபிஷாப் என்றால் என்ன என்பதே புரியும் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி. இந்த நாட்டில் காபி குடிக்க விரும்புகிறவர் 'காஃபிஷாப்' என்ற பலகையைப் பார்த்து நுழையக் கூடாது. அந்த ஆங்கிலச் சொல் இங்கே கஞ்சாக் கடைக்கே உரியதாகிவிட்டது. 'கஃபே' என்று எழுதியிருந்தால் அங்கே காபியும் கிடைக்கும், பியரும் கிடைக்கும், கஞ்சா கிடைக்காது. காஃபிஷாப்பிலோ காபி கிடைக்கும், ஆனால் ஒரு சொட்டு மதுவும் கிடைக்காது.

ஜெர்மனியின் ஆகன் நகரில் முதுகலை படிக்கும் என் சித்தி மகன் சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை பேருந்தில் வந்திருந்தான். ஆகனிலிருந்து இங்கே வர முப்பது கிலோமீட்டர்தான். சின்ட் செர்வாஸ் பாலத்தையும் ஃபிரைட்ஹோஃப் சதுக்கத்தையும் காட்டி முடித்தபின், "அண்ணா, அந்தக் கடையையும் ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாமா? நான் எதுவும் வாங்கப்போறதில்ல" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். இருபத்து நான்கு வயது முடிந்தவன் என்பதால் அழைத்துப் போனேன். வாசற்காவலர் என் வசிப்பு அட்டையையும் நகராட்சிப் பதிவுச் சான்றையும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அவனுடைய ஜெர்மன் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். நெதர்லாந்தில் வசிப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி என்றார். உள்ளே உட்கார்ந்து ஒரு காபி மட்டும் குடிக்கலாமா என்று கேட்டேன். அதற்கும் அனுமதி இல்லை.

நாங்கள் திரும்பித் தெருமுனைக்கு வருவதற்குள் ஒரு மிதிவண்டி எங்களோடு சேர்ந்து மெதுவாக வந்தது. ஓட்டிவந்த இளைஞன் ஒரு காலை நடைபாதை விளிம்பில் ஊன்றிக்கொண்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் சாலையையே பார்த்தபடி, முதலில் ஜெர்மனிலும் பிறகு ஆங்கிலத்திலும் என்ன வேண்டும் என்று கேட்டான். கஞ்சாவோடு வேறு இரண்டு பொருள்களின் பெயரையும் சொன்னான். அவை காஃபிஷாப்பில் ஒருபோதும் கிடைக்காதவை. பதில் சொல்லாமல் நடந்தோம். இந்த ஊர்க்காரர்கள் அத்தகையவர்களை 'ரன்னர்' என்பார்கள். வெளிநாட்டு எண் பலகை உள்ள வண்டிகளைப் பின்தொடர்ந்து ஆள் பிடிப்பது அவர்கள் வேலை. கடை வாசலில் நாகரிகமாக மறுக்கப்பட்டவன், நூறு அடி தள்ளி யாரென்றே தெரியாத ஒருவனிடம் எதை வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற அந்த நிலைதான் மாஸ்ட்ரிக்டைப் பற்றி எனக்கு இன்றும் உள்ள வருத்தம்.

இந்த விதி காரணமின்றி வந்ததன்று. 2000-களின் நடுவில், சுமார் 1,20,000 பேர் வசிக்கும் இந்த ஊரில் 14 காஃபிஷாப்புகள் இருந்தன. அவற்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 10,000 பேரும், ஆண்டுக்கு 39 லட்சத்துக்கும் சற்று அதிகமானோரும் வந்தார்கள் என்றும், அவர்களில் 70 விழுக்காட்டினர் வெளிநாட்டில் வசிப்பவர்கள் என்றும் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. பெல்ஜியத்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த வண்டிகள் நகர மையத்தின் குறுகலான தெருக்களை நிறைத்த அந்த நாள்களை என் பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்றும் எரிச்சலோடு நினைவுகூர்வார். நகராட்சி மன்றம் 2005 டிசம்பரில் வெளிநாட்டவருக்குத் தடை விதித்தது. அதை மீறிய ஒரு கடையை மேயர் 2006-இல் தற்காலிகமாக மூடினார். கடை உரிமையாளர் தொடுத்த வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. 2010 டிசம்பர் 16 அன்று வந்த தீர்ப்பு நகராட்சிக்குச் சாதகமாக அமைந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எங்கும் சேவை பெறும் உரிமை, தடைசெய்யப்பட்ட போதைப்பொருளுக்குப் பொருந்தாது என்று நீதிமன்றம் சொன்னது. கடையில் விற்கும் காபிக்கும் தின்பண்டத்துக்கும் அந்த உரிமை பொருந்தும் என்றாலும், போதைச் சுற்றுலாவைத் தடுக்க அதைக் கட்டுப்படுத்துவது நியாயமே என்றும் சொன்னது. என் தம்பிக்கு அன்று ஒரு கோப்பைக் காபிகூடக் கிடைக்காததற்கு வேர் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

அதன்பின் 2012 மே 1 முதல் தென் மாகாணங்கள் மூன்றிலும் 'வீட்பாஸ்' என்ற உறுப்பினர் முறையை அரசு கொண்டுவந்தது. ஒவ்வொரு கடையும் அதிகபட்சம் 2,000 உறுப்பினர்களை மட்டும் பதிவு செய்துகொள்ளலாம், அவர்களும் நெதர்லாந்தில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தங்கள் பெயர் ஒரு கஞ்சாக் கடையின் பட்டியலில் ஏறுவதை உள்ளூர்க்காரர்களே விரும்பவில்லை. பலர் தெருவில் வாங்கத் தொடங்கினார்கள். உறுப்பினர் முறை அந்த ஆண்டு முடிவதற்குள் கைவிடப்பட்டது. வசிப்பவர்களுக்கு மட்டும் என்ற விதி நாடு முழுவதற்கும் ஏட்டில் இருக்கிறது. அதை எவ்வளவு கண்டிப்பாக நடைமுறைப்படுத்துவது என்பது அந்தந்த ஊரின் முடிவு. ஆம்ஸ்டர்டாம் அதைச் செயல்படுத்துவதில்லை, மாஸ்ட்ரிக்ட் செயல்படுத்துகிறது. வண்டிக் கூட்டம் குறைந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வயது கேட்டு, அளவு பார்த்து விற்கும் ஒரு கடையை விட்டு, எதையும் கேட்காத தெரு வியாபாரியிடம் ஆள்களை அனுப்பிவைத்தது சரியான விலையா என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இனி உள்ளே என்ன நடக்கும் என்ற கேள்வி. நான் முதன்முறை சென்றது அலுவலகத்தில் உடன் பணிபுரியும் ஒரு டச்சு நண்பருடன். கஞ்சா என்றாலே பொட்டலம், சந்து, போலீஸ் என்று மனத்தில் பதிந்து வளர்ந்தவன் நான். உள்ளே கண்டது ஒரு சிற்றூர் நூலகத்தின் அமைதி. ஒரு மூலையில் செய்தித்தாள் படிக்கும் முதியவர், இன்னொரு மேசையில் சீட்டாடும் நால்வர். புகையிலை கலந்து புகைக்கக் கூடாது. உணவகங்களுக்கும் மதுக்கடைகளுக்கும் 2008 ஜூலையில் வந்த புகையிலைத் தடை இங்கும் செல்லும். ஆகவே புகையிலைக்குப் பதிலாகக் கலந்துகொள்ள மேசைமேல் ஒரு கிண்ணத்தில் உலர்ந்த மூலிகைத் தழை வைத்திருந்தார்கள். விளம்பரம் கூடாது என்பதால் விலைப்பட்டியல் தெருவிலிருந்து தெரியாது. விற்பனை மேடைக்குச் சென்று கேட்டுத்தான் பார்க்க வேண்டும். கிராம் ஒன்றுக்குப் பத்து யூரோவிலிருந்து பதினைந்து யூரோ வரை விலை இருந்தது.

மேடைக்குப் பின்னால் நின்ற பெண், முன்பு பழக்கம் உண்டா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றதும் கையில் எடுத்த டப்பாவைத் திரும்ப வைத்துவிட்டு, பட்டியலில் வீரியம் மிகக் குறைந்த வகையைக் காட்டினார். சாப்பிட்டாயிற்றா, மது குடித்திருக்கிறீர்களா என்றும் கேட்டார். நான் இழுத்தது இரண்டே இழுப்பு. சில நிமிடங்களில் வாய் உலர்ந்து, கைகள் தூரத்தில் இருப்பதுபோல் ஆகி, நெஞ்சு படபடத்தது. எனக்கு அது இன்பமாக இருக்கவில்லை. என் முகம் வெளுத்ததைக் கண்டு அந்தப் பெண் சர்க்கரை நிறையப் போட்ட தேநீர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவ்வப்போது என்னைப் பார்த்துக்கொண்டே தன் வேலையைத் தொடர்ந்தார். அந்தக் கவனிப்பைத்தான் நான் அந்தக் கடையிலிருந்து எடுத்துவந்தேன். பிறகு இரண்டு மூன்று முறை நண்பருக்குத் துணையாகச் சென்று காபி குடித்திருக்கிறேன், புகைக்கவில்லை.

பலரும் நினைப்பதுபோல் இந்த நாட்டில் கஞ்சா சட்டபூர்வமானது அன்று. 1976-இல் அபினிச் சட்டத்தைத் திருத்தியபோது ஹெராயின் போன்றவற்றை ஒரு பட்டியலிலும் கஞ்சாவை இன்னொரு பட்டியலிலும் பிரித்தார்கள். இரண்டாவதை வாங்க வருகிற இளைஞன் முதலாவதை விற்கும் ஆளைச் சந்திக்க நேரக் கூடாது என்பதே அந்தப் பிரிவினையின் நோக்கம். விற்பனை குற்றமாகவே நீடித்தது. ஆனால் சில நிபந்தனைகளை மதிக்கும் கடைமீது வழக்குத் தொடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். இதற்கு டச்சு மொழியில் 'கெடோகன்' என்பார்கள்; தெரிந்தே பொறுத்துக்கொள்வது என்று சொல்லலாம். விளம்பரம் கூடாது, கடும் போதைப்பொருள் கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொல்லை கூடாது, 18 வயதுக்குக் குறைந்தவரை உள்ளே விடக் கூடாது, ஒருவருக்கு ஒரு நாளில் 5 கிராமுக்கு மேல் விற்கக் கூடாது. கடையின் கையிருப்பும் 500 கிராமைத் தாண்டக் கூடாது.

இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை கொல்லைப்புறத்தில் இருந்தது. முன்வாசல் வழியாக 5 கிராம் விற்பதைப் பொறுத்துக்கொண்ட அரசு, அந்தச் சரக்கைக் கடைக்காரர் வாங்குவதையும், வேறொருவர் அதை விளைவிப்பதையும் பொறுத்துக்கொள்ளவில்லை. ஆகவே ஒவ்வொரு கடையும் கொல்லைப்புற வாசல் வழியாகக் குற்ற உலகத்திடமிருந்து கொள்முதல் செய்தது. மாடி அறைகளில் விளக்குகளைக் கட்டி, மின்சாரத்தைத் திருடி, சில வேளைகளில் கடனில் தவிக்கும் குடும்பங்களை மிரட்டி வளர்க்கவைத்த செடியிலிருந்து வந்த சரக்கு, முன்னால் ரசீதுடன் விற்பனையானது. அதில் பூச்சிக்கொல்லி எவ்வளவு, பூஞ்சை உண்டா என்று எவருக்கும் தெரியாது.

இப்போது அதை மாற்றப் பார்க்கிறார்கள். 2023 டிசம்பர் 15 அன்று பிரெடா, டில்பர்க் நகரங்களில் தொடங்கிய சோதனைத் திட்டத்தில் இன்று மாஸ்ட்ரிக்ட் உட்பட 10 நகராட்சிகள் உள்ளன. 2025 ஏப்ரல் 7 முதல் இந்த ஊர்களின் காஃபிஷாப்புகள் அரசு உரிமம் பெற்ற விவசாயிகளிடமிருந்து வரும் கஞ்சாவையே விற்க வேண்டும். நண்பர் சமீபத்தில் வாங்கிய உறையை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். மூடி முத்திரையிட்ட சிறு உறை. அதன்மேல் விளைவித்தவரின் பெயர், போதை தரும் டிஎச்சி எத்தனை விழுக்காடு, போதை தராத சிபிடி எத்தனை விழுக்காடு, உடல்நல எச்சரிக்கை எல்லாம் ஒரு மருந்துக்கடை உறையைப் போல் அச்சாகியிருந்தன. பழைய மொராக்கோ ஹஷ்ஷின் (கஞ்சாப் பிசினின்) சுவை இதில் இல்லை என்பது அவருடைய குறை. உறைமேல் அச்சிட்ட அந்த எண் முதல்முறை செல்பவரைக் காப்பாற்றக்கூடியது என்பதால் எனக்கு இந்த மாற்றம் உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம் நிலைமை நேர்மாறானது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயது வந்தவர் 25 கிராம் வரை வெளியில் வைத்திருப்பது குற்றமில்லை, வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம். ஆனால் விற்கும் கடை கிடையாது. இங்கே கடை உண்டு, வைத்திருப்பது சட்டப்படி உரிமை இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இங்கே வாங்கி அங்கே கொண்டுபோகலாம் என்று சில மாணவர்கள் நினைக்கிறார்கள். எல்லையைக் கடந்து எடுத்துச் சென்றால் அது கடத்தல்தான். என் தம்பியிடம் இதைப் பேருந்து நிறுத்தத்தில் மீண்டும் ஒருமுறை சொல்லித்தான் அனுப்பினேன்.

நீங்கள் சுற்றுலாப் பயணியாக ஆம்ஸ்டர்டாம் போன்ற ஊரில் செல்வதாயிருந்தால், கடவுச்சீட்டை எடுத்துச் செல்லுங்கள். முதல்முறை என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். மதுவோடு சேர்க்காதீர்கள். கேக் வடிவில் விற்பதைத் தவிர்ப்பது நல்லது. புகை சில நிமிடங்களில் வேலை செய்யும், தின்றது ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகலாம், ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு துண்டு தின்றவர்களே பெரும்பாலும் அவதிப்படுகிறார்கள். ஆம்ஸ்டர்டாமின் சிவப்பு விளக்குப் பகுதியில் 2023 மே முதல் தெருவில் கஞ்சா புகைக்கத் தடை இருக்கிறது. வண்டி ஓட்டாதீர்கள், 2017 முதல் போலீஸ் சாலையிலேயே உமிழ்நீர்ச் சோதனை செய்கிறது.

சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இந்தக் கடைகளுக்குள் புகைக்கவே கூடாது. வெளிநாட்டில் உட்கொண்டாலும் அவர்கள் நாட்டுச் சட்டப்படி அது குற்றம். இந்தியாவுக்குத் திரும்புகிறவர்களுக்கு 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் இருக்கிறது. சிறிதளவு கஞ்சா வைத்திருந்தாலும் சிறை உண்டு. துபாய் அல்லது அபுதாபி வழியாக விமானம் மாறிச் செல்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய இரவு கைப்பையையும் சட்டைப் பைகளையும் கவிழ்த்து உதறிப் பாருங்கள். நினைவுப்பொருளாக வாங்கிய இலை அரைக்கும் சிறு கருவியைப் பயன்படுத்தியிருந்தால் அதன் பற்களில் தூள் ஒட்டியிருக்கும். அதை இங்கேயே எறிந்துவிட்டுச் செல்லுங்கள்.