அடுப்படியைப் பூட்டிவிட்டு மாத்திரை கேட்கிறீர்கள்

கேள்வி: எங்களைச் சமைத்துப் போட்டே வளர்த்த என் அம்மாவுக்கு வயது 74. இரண்டு வருடமாக மறதி நோய். பகலெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பவர், சாயங்காலம் ஐந்து மணியானால் "வீட்டுக்குப் போகணும், நேரமாச்சு" என்று வாசற்கதவைப் பிடித்து இழுக்கிறார். இதுதான் உங்கள் வீடு என்றால் கேட்பதில்லை. தடுக்கும் என் மனைவியை அடிக்கக் கை ஓங்குகிறார். ஒருமுறை கேஸைத் திறந்துவிட்டதால் சமையலறையைப் பூட்டிவிட்டோம். தூக்க மாத்திரையைக் கூட்டிக் கொடுக்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: மாத்திரைக்கு அப்புறம் வருகிறேன். சமையலறையைப் பூட்டியதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்களே, அதைப் பேசுவோம்.

ஐந்து மணி உங்கள் அம்மாவுக்கு என்ன நேரம்? பால் காய்ச்சி, பிள்ளைகளுக்கு எதையாவது கொடுத்து, ராத்திரிக்கு உலை வைக்கிற நேரம். அடுப்படிக்குள் விடாத வீட்டைத் தன் வீடு என்று அவர் எப்படி நம்புவார்? காலையில் சாப்பிட்டதை மறக்கடிக்கிற இந்த நோய், கைக்குப் பழகின வேலையை அவ்வளவு சீக்கிரம் தொடுவதில்லை. ரெகுலேட்டரை மூடுங்கள், கத்தியையும் தீப்பெட்டியையும் எடுத்து வையுங்கள், பூட்டைத் திறங்கள். நாலரை மணிக்கே ஒரு கட்டு முருங்கைக்கீரையை முறத்தில் போட்டு முன்னால் வையுங்கள். காம்போடு உருவிப் போட்டால் போடட்டும், திருத்தாதீர்கள். பிறகு நீங்கள் ஆய்ந்துகொள்ளலாம்.

இருட்டுவதற்கு முன்பே லைட்டைப் போடுங்கள். "வீட்டுக்குப் போகணும்" என்றால், "அங்கே யாரெல்லாம்மா இருக்காங்க?" என்று கேட்டுப் பேசவிடுங்கள். அவரிடம் வாதாடி ஜெயித்து யாருக்கு என்ன லாபம்? கை ஓங்குவதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று ஒரு வாரம் நோட்டில் குறித்து வையுங்கள். பசியா, டிவி சத்தமா, பாத்ரூம் போக வேண்டியிருந்ததா? ஓரிரு நாளில் திடீரென முற்றினால் சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

மாத்திரையை நீங்களாகக் கூட்டவே கூடாது. தூக்க மாத்திரை இந்த வயதில் குழப்பத்தைக் கூட்டும், தடுமாறி விழவைக்கும். மூர்க்கத்தை அடக்கத் தரும் மனநோய் மருந்துகளோ மறதி நோயுள்ள முதியவர்களுக்கு உயிராபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-லேயே எச்சரித்திருக்கிறது.

கடைசியாக, தடுப்பதும் அடி வாங்கப் பார்ப்பதும் மருமகள். பெற்ற பிள்ளை அந்த நேரத்தில் எங்கே இருக்கிறீர்கள்? ஆபீஸ் என்பீர்கள். சரி, சனி, ஞாயிறு சாயங்காலங்கள் இனி உங்களுடையவை. கீரை முறத்தோடு நீங்கள் உட்காருங்கள். அந்த நேரத்தில் உங்கள் மனைவி எங்கே போய்விட்டு வருகிறார் என்று மட்டும் கேட்காதீர்கள்.