கூரை ஏன் பறந்தது?

கேள்வி: பாலிடெக்னிக் ஒன்றில் சிவில் பிரிவு விரிவுரையாளராகப் பணிபுரிகிறேன். புயலைத் தாங்கும் வீட்டு வடிவமைப்பை மாணவர்களும் கொத்தனார்களும் தாமே இயக்கிப் பார்த்துக் கற்கும்படி ஒரு கணினிப் பாடம் உருவாக்க விரும்பி, விதிநூலைத் தொகுத்து ஐம்பது ஸ்லைடுகள் தயாரித்தேன். பத்தாவது ஸ்லைடிலேயே வகுப்பு சோர்ந்துவிடுகிறது. எங்கே தவறினேன்?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: விடைகளை எல்லாம் நீங்களே சொல்லிவிட்டதால், கற்பவர் யோசித்து முடிவெடுக்க அதில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஸ்லைடுகளை ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு தகரக் கூரை வீட்டிலிருந்து தொடங்குங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பகுதியில் இருப்பவர்களுக்கு அந்த வீட்டை அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை.

முதல் திரையில் காற்றின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பட்டை போதும். கட்டடங்கள் தாங்க வேண்டிய காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதிநூலாகிய ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி சென்னைக்கு வகுத்துள்ள அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அவ்வேகத்தில் காற்றழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமமாக இருக்க, அதே பரப்புள்ள மெல்லிய தகர ஷீட்டின் எடையோ ஐந்து கிலோ அளவுதான். வேகத்தைப் பாதியாக்கினால் அழுத்தம் கால்பங்காகிவிடுவதைக் கற்பவர் தம் விரலாலேயே கண்டுகொள்வார். மேலே ஓடும் காற்று கூரையை உறிஞ்சித் தூக்குகிறது என்பதையும், அந்த உறிஞ்சல் மூலைகளிலும் ஓரங்களிலும் மிகுதி என்பதையும், காற்று மோதும் பக்கத்து ஜன்னல் உடைந்தால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து கீழிருந்து தள்ளும் என்பதையும் அதே திரையில் அம்புக்குறிகளால் காட்டிவிடலாம்.

அடுத்து முடிவுகளை அவரிடமே விடுங்கள்: ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் கொக்கி வடிவ ஜே போல்ட்டை நெருக்கிப் போடுவதா விலக்கிப் போடுவதா, குறுக்குச் சட்டத்தைச் சுவரோடு பிணைப்பதா வெறுமனே வைப்பதா, சுவர் உச்சியில் கான்கிரீட் பெல்ட் ஓட்டுவதா வேண்டாமா. போல்ட்டை நெருக்கிப் போட்டும் சட்டத்தைப் பிணைக்காமல் விட்டவருக்கு, ஷீட் கழலாமல் சட்டத்தோடு சேர்ந்து கூரை முழுவதும் பெயர்வதைக் காட்டுங்கள். ‘தவறான விடை’ என்ற சிவப்பு எழுத்து வேண்டவே வேண்டாம்; பிடி விட்ட இடம் கண்ணில் பட்டால், அவரே திரும்பிப் போய்த் திருத்துவார்.

இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. மூன்று முடிவுகளுக்கும் இரண்டிரண்டு வழிகள் என்றால் மொத்தம் எட்டே விளைவுகள். அவற்றை முன்பே கணக்கிட்டு வரைந்துகொண்டால், ஊடாடும் பாடங்களை உருவாக்க இலவசமாகக் கிடைக்கும் எச்5பி (H5P) கருவியிலேயே, தேர்வுக்கேற்பப் பிரியும் கிளைக்கதையாக அமைத்துவிடலாம். ஆனால் அந்தக் கணக்கில் அவசரம் கூடாது, ஏனெனில் கண்ணால் பார்த்த பிழையை மனத்திலிருந்து அழிப்பது கடினம்.

கொத்தனார்களுக்கான பாடம் கைபேசித் திரைக்கு ஏற்றதாகவும், எழுத்து குறைந்து குரல் மிகுந்ததாகவும், அவர்கள் வேலையிடத்தில் வழங்கும் சொற்களிலேயே அமைந்ததாகவும் இருக்கட்டும். தேர்வாக, தம் தெருவிலுள்ள ஒரு கூரை வீட்டைப் படமெடுத்து, அடுத்த புயலில் முதலில் விட்டுப்போகும் இணைப்பை வட்டமிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.