முதல் ஆல்பத்தைப் பத்திரிகைகள் பாராட்டியும் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் உடனே ஏன் பிரபலமாகவில்லை?

அந்தப் பாராட்டிலேயே ஒரு வில்லங்கம் இருந்தது. 1973 ஜனவரியில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் அவருடைய முதல் ஆல்பத்தை வெளியிட்டது. கவித்துவமான வரிகளுக்குப் பேர்போன பாடகர் பாப் டிலனை முன்பு அந்நிறுவனத்துக்கு ஒப்பந்தம் செய்த ஜான் ஹேமண்ட்தான் இவரையும் அழைத்துவந்தவர். பாடல்களிலும் சொற்கள் மூச்சுமுட்டக் கொட்டின. போதாதா? விளம்பரமும் பத்திரிகைகளும் சேர்ந்து 'புதிய டிலன்' என்று பட்டம் சூட்டிவிட்டன. கிடாரும் கொஞ்சம் கவித்துவமும் இருந்த பலருக்கு அந்நாளில் கிடைத்த பட்டம் அது. பாடகர் ஜான் பிரைனும் தப்பவில்லை. பழைய ஆளின் நகல் என்று சொல்லி ஒரு புதியவரை விற்பது எனக்கு எப்போதுமே விசித்திரமாகத் தோன்றும். வானொலி நிலையங்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, விற்பனையும் மந்தம்.

ரோலிங் ஸ்டோன் இசைப் பத்திரிகையில் அந்த ஆல்பத்தைப் பற்றி லெஸ்டர் பாங்ஸ் எழுதிய விமர்சனம் சுவாரசியமானது. அந்தச் சொல்மழையைக் கிண்டலடித்துக்கொண்டே ரசித்திருப்பார்.

திருப்பம் 1974-இல் வந்தது. ராக் இசையின் எதிர்காலத்தையே இவரிடம் கண்டதாக ஜான் லாண்டாவ் என்ற விமர்சகர் எழுதினார். (அவரே பிறகு ஸ்பிரிங்ஸ்டீனின் தயாரிப்பாளரும் மேலாளரும் ஆனார்!) 1975 அக்டோபரில், மூன்றாவது ஆல்பத்துக்குப் பிறகு, டைம், நியூஸ்வீக் இரண்டும் ஒரே வாரத்தில் அவரை அட்டையில் போட்டன. நியூஸ்வீக்கோ அவரைச் சுற்றிய விளம்பர ஆரவாரத்தையே சந்தேகக் கண்ணோடு அலசியது.