நீர்ப்பிரமியும் எலியும்: கேள்வி பதில்

கே: நீர்ப்பிரமி மூலிகைச் சாறு எலியின் பதற்றத்தைக் குறைக்கிறதா என்று பார்க்க எது எளிய சோதனை, சார்?

ப: ப்ளஸ் மேஸ். கூட்டல்குறி வடிவப் பலகை, தரையிலிருந்து 50 செ.மீ. உயரம். நான்கு கைகள், ஒவ்வொன்றும் 50 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம். எதிரெதிரான இரண்டுக்கு மட்டும் 40 செ.மீ. சுவர். எலியை நடுவில், திறந்த கையைப் பார்த்தபடி விட்டு 5 நிமிடம் கவனியுங்கள். திறந்த கைகளில் எத்தனை முறை நுழைந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று குறியுங்கள். சுவரில்லாத இடத்துக்கு எலி அஞ்சும்; அங்கே அதிகம் போனால் பதற்றம் குறைவு. மூடிய கைகளுக்குள் போன கணக்கும் வேண்டும். அதுவும் சரிந்தால் பதற்றம் தணிந்தது என்று எழுதாதீர்கள், எலி மயக்கத்தில் கிடக்கிறது. ஒவ்வொரு எலிக்குப் பிறகும் பலகையை எத்தனாலால் துடையுங்கள். முந்தையதன் மூத்திர வாசம் அடுத்ததை மிரட்டும்.

கே: எங்களுக்கு, பதற்றம் தணிக்கும் மருந்தான டயஸிபாம் கொடுத்த குழுவிலேயே மாற்றம் இல்லை. மருந்து பழசா?

ப: அதே எலிகளை முன்பே மேஸில் விட்டுப் பழக்கினீர்களா? ஒருமுறை ஏறி இறங்கிய எலியிடம் டயஸிபாம் எடுபடாது. புது எலி, கிலோவுக்கு 1 மி.கி., வயிற்றறை ஊசி, அரை மணி கழித்துச் சோதனை.

கே: மனிதருக்குத் தினம் 300 மி.கி. எலிக்கு எவ்வளவு?

ப: 60 கிலோ ஆளுக்கு அது கிலோவுக்கு 5 மி.கி. உடல் பரப்பளவுக் கணக்குப்படி எலிக்கு 6.2 ஆல் பெருக்கினால் 31, சுண்டெலிக்கு 12.3 ஆல் பெருக்கினால் 61.5. அதாவது 200 கிராம் எலிக்கு 6.2 மி.கி. அதை 0.5 சதவீத சி.எம்.சி. (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) கரைசல் 1 மி.லி.யில் கலந்து, வாய்வழியாக வயிற்றுக்குள் செலுத்தும் கேவேஜ் ஊசியால் கொடுங்கள். சாறு கொடுக்காத கண்ட்ரோல் குழுவுக்கு வெறும் சி.எம்.சி., அதே அளவு. சாறு அடியில் படியும். ஒவ்வொரு முறையும் குலுக்காவிட்டால் முதல் எலிக்குத் தண்ணீர், கடைசி எலிக்குச் சேறு.

கே: வல்லாரைதானே பிரமி? கீரைக்கார அம்மாவிடம் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறதே.

ப: இல்லவே இல்லை. வட்டமாய், ஓரம் பல்பல்லாய், நீண்ட காம்போடு இருந்தால் வல்லாரை. அதன் சரக்கு ஏசியாட்டிகோசைடு. நீர்ப்பிரமிக்குச் சதைப்பற்றுள்ள குட்டி இலை, எதிரெதிர் ஜோடியாக. அதில் இருப்பது பகோசைடு.

கே: வடக்கே வல்லாரையையும் பிராமி என்றுதான் விற்கிறார்கள். பெயருக்காக ஏன் இவ்வளவு கோபம்?

ப: லக்னோ மத்திய மருந்தாய்வு நிறுவனத்தார் 1982-இல் வெளியிட்ட எலி ஆய்வில் கொடுத்தது நீர்ப்பிரமியின் ஆல்கஹால் சாறு, கிலோவுக்கு 40 மி.கி. நீங்கள் அதே 40 மி.கி.க்கு வல்லாரைப் பொடியைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, 'பலன் இல்லை' என்று ஆய்வேட்டில் எழுதுவீர்கள். செடியும் வேறு, சாறும் இல்லை. செடியை உலர்த்தித் தாளில் மாதிரியாக ஒட்டி, தாவரவியலாளரிடம் அடையாளச் சான்று வாங்கிய பிறகு அரையுங்கள்.

கே: சந்தையில் 'பிரமிப் பொடி' என்றே...

ப: சான்று எங்கே?

கே: வாட்டர் மேஸில், அதாவது நீரில் மறைந்த மேடையை எலி நீந்தித் தேடும் தொட்டியில், சாறு குடித்த எலிகள் மேடையை எட்டத் தாமதமாகிறது. கற்றல் குறைந்துவிட்டதா?

ப: மறுபடியும் அசைவைக் கவனிக்காத கணக்கு! மெதுவாக நீந்தினாலும் தாமதமாகும். நீந்திய தூரத்தையும் வேகத்தையும் எடுங்கள். கடைசிப் பயிற்சிக்கு மறுநாள் மேடையை எடுத்துவிட்டு 60 வினாடி நீந்தவிடுங்கள். மேடை இருந்த கால்பகுதியில் 15 வினாடிக்கு மேல் சுற்றினால்தான் இடம் நினைவிருக்கிறது என்று பொருள்.

கே: குழுவுக்கு 4 எலி போதுமா?

ப: போதாது. 8 முதல் 10.

கே: 5 என்றால்?

ப: மேலே பாருங்கள்.

கே: பட்டாசுக்கு நடுங்கும் என் நாய்க்கு இதைக் கொடுக்கலாமா?

ப: கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். எலிக் கணக்கை நாய்க்குப் போடாதீர்கள்.